‘சாப விமோசனம்’ பற்றிக் கட்டுரை எழுத எதை, எங்கே, எந்த வரிசையில் தேடுவது?

நீங்கள் கேட்டது இது: முதுகலைத் தமிழ் படிக்கிறீர்கள். அகலிகை கதையைப் புதிதாகச் சொல்லும் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ சிறுகதை பற்றி மூன்று வாரத்தில் கருத்தரங்கக் கட்டுரை தர வேண்டும். இணையத்தில் தேடினால் கதைச் சுருக்கமும் தேர்வு நோட்ஸும்தான் வருகின்றன. உருப்படியான மூலங்கள் எங்கே கிடைக்கும்?

இந்தக் கதைக்கு மூலங்களுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்ச் சிறுகதைகளில் இதைப் போல அதிகம் பேசப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தடுமாற்றம் வருவது வரிசையில். பலரும் விமர்சனத்தில் தொடங்கி, பிறகு ஆசிரியர் வாழ்க்கைக்குப் போய், கடைசியில் நேரமிருந்தால் கதையை ஒருமுறை புரட்டுகிறார்கள். அப்படி எழுதிய கட்டுரை நாலு பேர் சொன்னதன் தொகுப்பாக நிற்கும். இதைத் தலைகீழாக்குங்கள். முதலில் சரியான பாடம், அதாவது கதையின் நம்பத்தக்க அச்சு வடிவம், அடுத்து கதைக்கு அடியில் கிடக்கும் பழைய கதைகள், பிறகு ஆசிரியரின் வேறு எழுத்து, கடைசியில் விமர்சகர்கள். நான் சொல்லப்போவதும் அதே வரிசைதான்.

முதலில் பாடம். ‘சாப விமோசனம்’ 1943 மே மாதக் ‘கலைமகள்’ இதழில் வந்தது. அதே ஆண்டு ‘காஞ்சனை’ தொகுப்பில் சேர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. 2002இல் தமிழ்நாடு அரசு புதுமைப்பித்தன் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. அதனால் கதை எளிதில் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பதெல்லாம் நம்பத்தக்கது என்று சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானபின் ஒரு பிரதியைப் பார்த்து இன்னொரு பிரதி, அதைப் பார்த்து மூன்றாவது என்று போகும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பிழை கூடும். பத்தி பிரிப்பு மாறும், வடமொழி எழுத்து தமிழாகும், பேச்சு வழக்குத் ‘திருத்தப்படும்’. நடையைப் பற்றி எழுதப் போகிறவருக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் மேற்கோள் காட்ட வேண்டிய பதிப்பு ஒன்றுதான்: ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, காலச்சுவடு வெளியிட்ட ‘புதுமைப்பித்தன் கதைகள்’ முழுத்தொகுப்பு. முதல் பதிப்பு 2000இல் வந்தது. கதைகளைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் முதலில் எந்த இதழில் எப்போது வந்தது, இதழ்ப் பாடத்துக்கும் நூல் பாடத்துக்கும் எங்கே வேறுபாடு என்றெல்லாம் குறித்திருக்கிறார். அந்தப் பின்னிணைப்புகளைப் பலர் புரட்டுவதே இல்லை. உங்கள் கட்டுரைக்கு அதிலிருந்தே ஒரு பத்தி கிடைக்கலாம். கல்லூரி நூலகத்தில் இந்தப் பதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள்.

கையில் இருக்கும் பிரதி நம்பத்தக்கதா என்று அரை நிமிடத்தில் பார்க்க ஒரு வழி உண்டு. கதைக்கு முன்னால் ஆசிரியர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: “ராமாயண பரிச்சயமுள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல் (பிடிக்காமல் கூட) இருக்கலாம். அதை நான் பொருட்படுத்தவில்லை.” இது இல்லாத பிரதியை ஓரமாக வைத்துவிடுங்கள். இருந்தால் அந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். ‘பிடிபடாமல்’ என்பது புரிதலைப் பற்றியது, ‘பிடிக்காமல்’ என்பது விருப்பத்தைப் பற்றியது. ஒரே வேரிலிருந்து வரும் இரண்டு சொல்லை அடைப்புக்குறி போட்டுப் பக்கத்தில் வைக்கிறார். ராமாயணம் தெரியாதவர்களுக்குப் புரியாது என்று எழுதுவதுதான் வழக்கம். இவர் தெரிந்தவர்களுக்குப் புரியாது என்கிறார். ராமாயணம் தெரிந்தவர் எதை எதிர்பார்த்து உள்ளே வருகிறாரோ அதை இந்தக் கதை தரப் போவதில்லை என்பது அங்கேயே தொடங்குகிறது. கட்டுரைக்குத் தொடக்கம் தேடிக்கொண்டிருந்தால் இதுவே போதும்.

அச்சுப் பதிப்போடு ஒரு மின்பிரதியும் வேண்டும், தேடுவதற்காக மட்டும். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவச மின்பிரதியாகத் தந்துவருகிறது. புதுமைப்பித்தன் கதைகள் அங்கே உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் நாட்டுடைமை நூல்கள் கிடைக்கும். மின்பிரதியில் சொல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மேற்கோளை மட்டும் அச்சுப் பதிப்பிலிருந்து பக்க எண்ணோடு எடுங்கள். இரண்டையும் மாற்றிக்கொண்டால் தேர்வாளர் ஒரு வரியைச் சரிபார்த்தவுடனே மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழில் சொல் தேடுவதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. இந்தக் கதையில் ‘கல்’ எத்தனை இடத்தில், எந்தப் பொருளில் வருகிறது என்று பார்க்க நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘கல்’ என்று தேடினால் ‘கல்லாக’, ‘கல்லை’ எல்லாம் வரும். கூடவே ‘கல்யாணம்’, ‘கல்வி’, ‘அகல்யை’ என்று வேண்டாததும் வரும். ஆனால் கதையின் முதல் வரியே வராது. அது “சாலையிலே ஒரு கற்சிலை” என்று தொடங்குகிறது. புணர்ச்சியில் ‘ல்’ ‘ற்’ ஆகிவிட்டது. ஆகவே ‘கற்’ என்று தனியாகத் தேட வேண்டும். அதேபோல ‘சாபம்’ என்று தேடினால் ‘சாபத்தை’, ‘சாபமாக’ இரண்டுமே தப்பிவிடும். ‘சாப’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தட்டுவதுதான் முறை.

பெயர்களில் இன்னும் தொல்லை. இந்தக் கதையில் நாயகி ‘அகலிகை’, அவள் கணவன் ‘கோதமன்’. வேறு நூல்களில் அகல்யை, அகலியை, அகல்யா. கௌதமன், கவுதமன், கௌதமர். இதில் ‘கௌதமன்’ என்பதை ஔகாரக் குறி போட்டும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்புக்குப் பிறகு ‘ள’ போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ‘ஒ’, ‘ஓ’ வரிசை உயிர்மெய்யிலும் இதே கதை: சில பழைய மின்பிரதிகளில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இருக்கும். ‘கோதமன்’ என்று தேடி ஒன்றுமே வரவில்லை என்றால் கதையில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; ‘தமன்’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். ஆசிரியர் பெயரையும் ‘புதுமைப்பித்தன்’ என்று சேர்த்தும், ‘புதுமைப் பித்தன்’ என்று பிரித்தும் தேட வேண்டும். அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம், ‘சொ.வி.’, ‘ரசமட்டம்’, ‘நந்தன்’, ‘கூத்தன்’, ‘வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார். பழைய இதழ் அட்டவணைகளில் அந்தப் பெயர்களில்தான் இருப்பார்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களில் தேடுவது அநேகமாக வீண். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘ணா, றா, னா’, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ‘ணை, லை, ளை, னை’ ஆகப் பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் அவற்றில் தடுமாறும். ‘சிலை’யும் ‘அவளை’யும் கண்டபடி சிதைந்து வரும். அத்தகைய நூல்களைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். நாலு பக்கம் படித்தால் பழைய ‘லை’ பழகிவிடும்.

இதழ்ப் பாடத்தையே பார்க்க ஆசைப்பட்டால், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் ஏற்பட்டது. பழைய இதழ் கேட்கும்போது ஆங்கில மாதத்தை மட்டும் சொன்னால் போதாது. அந்தக் கால இதழ்கள் தமிழ் ஆண்டும் மாதமும், மலர் எண்ணும் இதழ் எண்ணும் போட்டு வந்தவை. 1943 மே என்றால் சுபானு வருஷம், சித்திரை–வைகாசி. இதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருகிறவருக்கும் வேலை மிச்சம். மூன்று வாரக் கட்டுரைக்கு இந்தப் பயணம் கட்டாயமில்லை. முனைவர் பட்ட ஆய்வு என்றால் தவிர்க்க முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கதையைச் சுற்றி அந்த இதழில் என்ன விளம்பரம், என்ன கட்டுரை, யார் யார் எழுதினார்கள் என்று பார்ப்பது எந்தத் தொகுப்பிலும் கிடைக்காது.

இனி அடியில் கிடக்கும் பழைய கதைகள். இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் வழுக்குகின்றன. “அகலிகை கல்லான ராமாயணக் கதையைப் புதுமைப்பித்தன் மாற்றி எழுதினார்” என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எந்த ராமாயணம்? வால்மீகியில் அகலிகை கல்லாவதே இல்லை. பாலகாண்டத்தின் 48, 49ஆம் சர்க்கங்களைப் பாருங்கள். காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் இருப்பாய் என்பதுதான் சாபம். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தேதான் அவள் இசைகிறாள். சாபம் தீர்ந்ததும் ராமனும் லட்சுமணனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். வடமொழி மூலத்தைச் சுலோகம் சுலோகமாக ஆங்கிலப் பொருளோடு கான்பூர் ஐஐடியின் வால்மீகி ராமாயணத் தளத்தில் பார்க்கலாம். தமிழ் மொழிபெயர்ப்புகளும் உண்டு. சர்க்க எண் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு தள்ளும் என்பதால் எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லாவது தமிழில் வெகு பழையது. பரிபாடல் 19ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் காட்டிச் சொல்கிறார்கள்: “இந்திரன் பூசை, இவள் அகலிகை, இவன் சென்ற கவுதமன், சினன் உறக் கல் உரு ஒன்றியபடி இது.” பூசை என்றால் பூனை. கம்பனுக்கு வெகு முன்பே, சுவரில் வரைந்து வைக்கும் அளவுக்கு அது தெரிந்த கதை.

கம்பனில் பாலகாண்டத்து அகலிகைப் படலம். முழுப் படலத்தையும் படியுங்கள். அதிக நேரம் ஆகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் உரையோடு இருக்கிறது. இரண்டு இடங்களில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்திரனோடு இருந்தபோது “உணர்ந்தனள், உணர்ந்த பின்னும், தக்கது அன்று என்ன ஓராள்” என்கிறான் கம்பன். அதாவது, தெரிந்துகொண்டாள், தெரிந்த பிறகும் இது தகாது என்று எண்ணவில்லை. பின்னால், அவளைக் கோதமனிடம் சேர்க்கும்போது வரும் சொல் “நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக”. ஒரே படலத்தில் உணர்ந்தவளும் அவள்தான், நெஞ்சால் பிழை செய்யாதவளும் அவள்தான். உரையாசிரியர்கள் இதை எப்படிச் சமாதானம் செய்கிறார்கள் என்று பாருங்கள். புதுமைப்பித்தன் கதையை நிறுத்தியிருப்பது அந்த இடைவெளியில்தான் என்பது என் வாசிப்பு. நெஞ்சு அறிந்தால் போதுமா, உலகமும் அறிய வேண்டுமா என்ற கேள்வி கதை முழுக்க ஓடுகிறது. கடைசியில், நெருப்பில் இறங்கி எழுந்ததைச் சீதை சொல்லும்போது அது வெடிக்கிறது. ஆகவே அகலிகைப் படலத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. யுத்த காண்டத்தின் மீட்சிப் படலத்தையும் படிக்க வேண்டும். கதையில் சீதை அமைதியாகச் சொல்லும் அந்த நிகழ்ச்சியைக் கம்பன் எவ்வளவு கடுமையான வார்த்தைகளோடு வைத்திருக்கிறான் என்று பார்த்த பிறகு, அகலிகையின் அதிர்ச்சி வேறு மாதிரி கேட்கும்.

இதை வேலையாகச் செய்ய ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: வால்மீகி, பரிபாடல், கம்பன், புதுமைப்பித்தன். இடப்பக்கம் ஆறு கேள்விகள். அவளுக்குத் தெரியுமா? சாபம் என்ன? கோதமன் பிறகு என்ன ஆனான்? விடுவிப்பது எது, பார்வையா, பாதமா, பாதத் தூசியா? யார் யாரை வணங்குகிறார்கள்? கதை எங்கே முடிகிறது? ஒவ்வொரு கட்டத்திலும் சொந்த வாக்கியம் எழுதாதீர்கள். மூலத்திலிருந்து இரண்டு மூன்று சொல்லை எடுத்துப் போடுங்கள். பரிபாடல் பத்தியில் பாதிக் கட்டம் காலியாக இருக்கும், அது சரியே. நாலாவது பத்திக்கு வரும்போது, மற்ற மூன்றிலும் இல்லாதது எதுவெல்லாம் என்று தானாகத் தெரியும். கோதமனும் புற்றுக்குள் உறைந்து கிடக்கிறான் என்பது ஒன்று. மற்றவர்கள் ‘பிறகு சேர்ந்து வாழ்ந்தார்கள்’ என்று முடித்த இடத்தில் இவர் கதையைத் தொடங்குகிறார் என்பது இன்னொன்று. கைகேயி வந்து பேசுவது மூன்றாவது. இந்த அட்டவணைக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். கட்டுரையின் பாதி அதில் இருக்கிறது.

பாத்திரங்களில் யாராவது பிடிபடவில்லையென்றால் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி இருக்கிறது, 1910இல் வந்தது. உதாரணமாகச் சதானந்தர் யார் என்று தெரியாமல் கதையைப் படித்தால் ஒரு முக்கியமான இழை அறுந்துவிடும். அவர் அகலிகை–கோதமன் மகன், ஜனகரின் புரோகிதர். சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் அதில் தேடலாம்.

மூன்றாவது படி, ஆசிரியரின் பிற எழுத்து. புதுமைப்பித்தன் இதே கதையை முன்பே ஒருமுறை தொட்டிருக்கிறார். ‘அகல்யை’ என்ற கதை, 1934, மணிக்கொடி இதழ். இதைப் படிக்காமல் ‘சாப விமோசனம்’ பற்றி எழுதவே கூடாது. அது வேத காலத்தில் சிந்து நதிக்கரையில் நடப்பதாக எழுதப்பட்டது. அதில் கௌதமர் சாபமே கொடுப்பதில்லை. மனத்தின் தூய்மையில்தான் கற்பு என்று சொல்லி மன்னிக்கிறார். ‘கல்’ அங்கே தண்டனையாக வரவில்லை, உன் உடலும் அந்த நேரத்தில் கல்லாய்விட்டதா என்று அவர் கேட்கும் கேள்வியாக வருகிறது. 1934இல் அறிவு பெருந்தன்மையோடு தீர்த்து வைத்த பிரச்சினையை 1943இல் அதே எழுத்தாளர் தீராத பிரச்சினையாகத் திரும்ப எடுக்கிறார். மன்னிப்பு முடிந்த பிறகும் மனசு கிடந்து உழல்கிறதே, அது எப்படி என்பதுதான் இரண்டாவது கதை. இணையச் சுருக்கங்களில் மிகவும் நடக்கும் தவறு இந்த இரண்டு கதைகளையும் குழப்பிவிடுவது. ‘சாப விமோசனத்தில் கௌதமர் இந்திரனை மன்னித்து அனுப்புகிறார்’ என்று எங்காவது கண்டால் எழுதியவர் இரண்டில் ஒன்றைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் சுருக்கத்திலும் இதே குழப்பம் வரலாம். தலைப்பைப் பார்த்து ஏமாறாமல் கதையோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து ‘காஞ்சனை’ தொகுப்புக்கு அவர் எழுதிய முன்னுரை. தலைப்பே ‘எச்சரிக்கை!’ தன் கதைகள் உலகத்துக்கு உபதேசம் செய்து உய்விக்கிற ஸ்தாபனம் அல்ல, பிற்கால நல்வாழ்வுக்கான இன்ஷூரன்ஸ் ஏற்பாடும் அல்ல என்று அதில் சொல்கிறார். ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்று கட்டுரையில் ஒரு உட்தலைப்பு போட நினைத்திருந்தால் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கட்டுரைகள், கடிதங்கள் தனித் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று வந்திருக்கின்றன. சுவையான வாசிப்புத்தான். ஆனால் கடிதத்தில் உள்ள குடும்ப வருத்தத்தை எடுத்துக் கோதமன் மேல் ஒட்டுகிற வேலை வேண்டாம். மூன்று வாரத்தில் அதற்கு ஆதாரம் திரட்ட முடியாது.

விமர்சகர்கள் கடைசியில். எல்லாரையும் படிக்க நேரம் இருக்காது; தேவையும் இல்லை. வரலாற்றுக்கு ஒருவர், கதைக் கலைக்கு ஒருவர், எதிர்க்குரலுக்கு ஒருவர் என்று எடுத்தால் போதும். வாழ்க்கை, காலம் இவற்றுக்குத் தொ.மு.சி. ரகுநாதனின் ‘புதுமைப்பித்தன் வரலாறு’. 1951இல் வந்தது, நண்பர் எழுதியது. நேரில் கண்டவர் என்பது அதன் பலம், நண்பர் என்பது அதன் பலவீனம். 1999இல் அவரே எழுதிய ‘புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்’ நூலில் அதுவரை வந்த தாக்குதல்களுக்கும் திரிப்புகளுக்கும் வரிந்துகட்டிப் பதில் சொல்கிறார். அதில் ஒரு லாபம்: அவர் யாரையெல்லாம் மறுக்கிறாரோ அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் தெரிந்துவிடும். சுருக்கமான அறிமுகம் வேண்டுமென்றால் சாகித்திய அக்காதெமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசையில் வல்லிக்கண்ணன் எழுதியது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க ராஜ் கௌதமனின் ‘புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்’. இதைப் படிக்காமல் எழுதினால் கட்டுரை துதியாகிவிடும் அபாயம் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘புதுமைப்பித்தன்: மரபை மீறும் ஆவேசம்’ ஒரு படைப்பாளி இன்னொருவரைப் படிப்பது, நடை பற்றி எழுதுகிறவர்களுக்கு உதவும்.

சிறுகதை வரலாற்றுப் பின்னணிக்குக் கார்த்திகேசு சிவத்தம்பியின் ‘தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’, சிட்டியும் சிவபாதசுந்தரமும் எழுதிய ‘தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்’. இரண்டிலும் உங்களுக்கு வேண்டியது சில பக்கங்கள்தான். பொருளகராதியைப் பார்த்து அங்கே போய்த் திரும்புங்கள். மணிக்கொடி இதழ் பற்றிப் பி.எஸ். ராமையாவின் ‘மணிக்கொடி காலம்’. ஆனால் ‘சாப விமோசனம்’ கலைமகளில் வந்தது என்பதை மறந்து மணிக்கொடி பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடாதீர்கள். இது அடிக்கடி நடக்கும் சறுக்கல்.

ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் பெயரை ஒரே மாதிரி யாரும் எழுதுவதில்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடுகளில் உள்ளே சொல் தேடல் வேலை செய்யாது, பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஆய்வேட்டில் முதல் இயலைத் தாண்டிவிடுங்கள். அது ஆசிரியர் வரலாறாகத்தான் இருக்கும். நேரே துணைநூற்பட்டியலுக்குப் போங்கள். இதழ்க் கட்டுரைகள் எந்த மாதம், எந்தப் பக்கம் என்று அங்கேதான் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகலாம். இலங்கைத் திறனாய்வாளர்களின் கட்டுரைகளுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற மின்நூலகம் இருக்கிறது. இங்கே அச்சில் கிடைக்காத பல அங்கே முழுதாகப் படிக்கக் கிடைக்கும்.

விமர்சனம் படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விமர்சகர் கதையிலிருந்து மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரியையும் உங்கள் பதிப்போடு ஒப்பிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரியைப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்பது பல மேற்கோள்களில் காணாமல் போயிருக்கும். அகலிகை சொல்வதை ஆசிரியர் சொல்வதாகவும், கோதமன் நினைப்பதை அகலிகை நினைப்பதாகவும் எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒன்று அகப்பட்டால், அது உங்கள் கட்டுரையில் மறுத்து எழுதத் தக்க இடம்.

லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலத்தில் படிப்பதற்காக அல்ல. சந்தேகமான ஒரு வாக்கியத்தை இன்னொரு கூர்மையான வாசகர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பதற்கு. தமிழில் எழுவாய் இல்லாமல் ஓடும் வாக்கியங்களுக்கு ஆங்கிலத்தில் யாரையாவது எழுவாயாக வைத்தே ஆக வேண்டும். அவர் யாரை வைத்தார் என்று பாருங்கள்.

நாள் கணக்கு: முதல் நான்கு நாள் கதை மட்டும், மூன்று முறை. முதல் முறை நிறுத்தாமல். இரண்டாவது முறை பென்சிலோடு. மூன்றாவது முறை வாய்விட்டு. இந்தக் கதையின் வாக்கியங்கள் ஓரிடத்தில் உரைநடை, ஓரிடத்தில் பாட்டு, காதில் விழுந்தால்தான் தெரியும். அடுத்த நான்கு நாள் வால்மீகி, கம்பன், அட்டவணை. இரண்டு நாள் ‘அகல்யை’, ‘எச்சரிக்கை!’ ஐந்து நாள் விமர்சனம், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். மீதி ஆறு நாள் எழுத. விமர்சனத்துக்குப் போவதற்கு முந்தின இரவு, கதை எதைப் பற்றியது என்று நீங்கள் நினைப்பதை அரைப் பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு படிப்பதெல்லாம் அதோடு மோதட்டும். அந்த அரைப் பக்கம் இல்லையென்றால், பதினைந்தாவது நாளில் ரகுநாதன் சொன்னது எது, நீங்கள் நினைத்தது எது என்று பிரிக்க முடியாது.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு மேற்கோளுக்கும் நூல், பதிப்பு ஆண்டு, பக்கம் மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். கைப்பேசியில் பக்கத்தைப் படமெடுப்பதானால் முதலில் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் எடுங்கள், பிறகு வேண்டிய பக்கத்தைப் பக்க எண் தெரியும்படி. ஓரம் வெட்டுப்பட்ட நாற்பது படங்களை வைத்துக்கொண்டு எது எந்தப் புத்தகம் என்று கடைசி நாளில் தேடுவதைவிட, நூலகத்தில் ஐந்து நிமிடம் கூட இருப்பது மேல்.